கண்ணாடி அலமாரிக்குப் போட்ட திரை

கிள்ளானில் என் பிளாட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் ஹாலில் உட்கார்ந்ததும் சுவரோரம் இருக்கும் கண்ணாடி அலமாரியைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க?" என்று கேட்பார்கள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அலமாரியில் வரிசையாக நிற்கிற ரோபோக்கள் என்னுடையவை என்று சொல்ல வாய் வராது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று குசினிக்குள் போய்விடுவேன்.

நான் லோரி உதிரிப்பாகங்கள் விற்கும் கடையில், பின்பக்கக் கிடங்கில் வேலை செய்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். பேச்சும் எனக்கு அவ்வளவாக வராது. கிடங்கு வேலைக்கு அது ஒரு குறையாக இருந்ததில்லை.

இந்தப் பழக்கம் மழையால் வந்தது. ஒருநாள் கோலாலம்பூரில் மழைக்கு ஒதுங்கி ஒரு பேரங்காடிக்குள் போனேன். மேல் மாடியில் ஒரு சீனர் தன் சிறிய கடையில் மேசை விளக்கின் கீழ் ஒரு ரோபோவைக் கட்டிக்கொண்டிருந்தார். துண்டுகளெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தில் மிஞ்சும் முளையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஒன்றோடு ஒன்று அழுத்திப் பொருத்த வேண்டும். விளக்கப் புத்தகம் முழுக்க ஜப்பான் மொழி. "படிக்கத் தெரியுமா?" என்று மலாயில் கேட்டேன். அவர் சிரித்தார். தனக்கும் தெரியாது, படத்தைப் பார்த்தால் போதும் என்றார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. பெட்டிகள் படுக்கையறையை நிறைத்தன. கட்டி முடித்தவற்றைத் தூசி படாமல் வைக்கக் கண்ணாடி அலமாரி வாங்கினேன். அதை வைக்க ஹாலில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அங்கே சாமி மேடை இருந்தது. சாமி மேடையைக் கழற்றிக் குசினிச் சுவரில் மாட்டினேன். தினமும் விளக்கேற்றினேன், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வரும்போதெல்லாம் அக்கா அதைச் சொல்லிக் காட்டாமல் போகமாட்டாள்.

எனக்குப் பெண் தேடியவளும் அக்காதான். முதலில் வந்த இடத்தார் அலமாரியைப் பார்த்துவிட்டுப் போய், "பொம்மை வச்சு விளையாடுற ஆளுக்கு எப்படிம்மா பொண்ணு கொடுக்கிறது?" என்று அக்காவிடம் கேட்டார்கள். அக்கா வெகுநாள் அதை மறக்கவில்லை. நானும்தான்.

பிறகு சுங்கை பூலோவில் ஓர் இடம் சொன்னார்கள். அந்தப் பெண் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் ரவிக்கை தைக்கிறவர். தந்தையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் வயது போய்விட்டது. கோயிலில் வைத்து எங்களைச் சந்திக்க வைத்தார்கள். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ரொம்பப் பேச வராது" என்றார். அதோடு சந்திப்பு முடிந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அக்காவிடம் அதைச் சொல்லவே ஒரு வாரம் ஆயிற்று.

அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் மச்சானும் காலையிலேயே வந்துவிட்டார்கள்.

"எல்லாத்தையும் எடுத்து ரூம்ல போடு" என்றாள் அக்கா.

"போட்டா ரோபோ தலையில உள்ள கொம்பெல்லாம் ஒடஞ்சிடும்கா. ரூம்லயும் எடமில்ல."

"இதுவும் போச்சுன்னா இனிமே நான் தேடமாட்டேன். சொல்லிட்டேன்."

அக்கா தான் கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஜரிகைக் கரை போட்ட பழைய சிவப்புப் பட்டுச்சேலை ஒன்றை எடுத்தாள். இரண்டு பேருமாக அதை மடித்து, மேலே கயிறு கட்டி, அலமாரி முழுவதும் மறையும்படி தொங்கவிட்டோம். பிறகு குசினியில் சாமிக்குச் சாம்பிராணி போட்டாள். புகை ஹாலுக்கும் வந்தது. மச்சான் நாற்காலியில் சாய்ந்தபடி, "கோயில் மணி ஒண்ணுதான் கொறச்சல்" என்றார். அக்கா முறைத்ததும் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டார்.

பத்து மணி வாக்கில் வந்தார்கள். அந்தப் பெண், அவருடைய அம்மா, அண்ணன். அம்மாவின் கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைச் சரம். புது வீட்டுக்குப் போனால் கொண்டுவந்த தட்டை முதலில் சாமி முன் வைப்பது எங்களிடம் வழக்கம். அந்த அம்மா வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார். பட்டுத் திரையும் சாம்பிராணி வாசமும் இருந்தன. நேராக அலமாரிக்குப் போய், அதன் முன்னால் இருந்த குட்டை மேசையில் தட்டை வைத்துவிட்டுக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் அண்ணனும் கும்பிட்டார்.

சாமி இருந்தது குசினியில்.

அந்த அம்மா கண்ணைத் திறந்து, "திரைய வெலக்குங்கம்மா. மொகத்தப் பார்த்துக் கும்பிட்டுக்கிறேன்" என்றார்.

"இன்னும் அலங்காரம் முடியல ஆன்டி" என்றாள் அக்கா. மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது.

"முடியலன்னா என்னம்மா? நம்ம வீட்டுச் சாமிதானே. என்ன சாமி?"

அக்கா என்னைப் பார்த்தாள். எந்தச் சாமியின் பேரைச் சொல்வது என்று அவள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா மறுபடியும் கைகூப்பி நின்றார். கும்பிடுகிறவரை அப்படி நிற்கவிட எனக்கு மனம் வரவில்லை.

"அம்மா, இது சாமி மேடை இல்ல. சாமி குசினியில இருக்கு. இது என்னோட பொம்மைங்க" என்று சொல்லிச் சேலையை ஒரு பக்கமாக இழுத்தேன்.

நடுத்தட்டில் நின்றது என் ரோபோக்களிலேயே பெரியது. முதுகில் விரிந்த இறக்கைகளும் கையில் நீண்ட ஈட்டியும் உள்ளது. அது கறுப்பாக இருந்திருக்க வேண்டும். பளபளப்புத் தெரியாமலிருக்கக் கடைசியில் அடிக்கிற மங்கல் வார்னிஷை மழை ஈரத்தில் அடித்துவிட்டதால் தலை முதல் கால்வரை வெளுத்துப் போயிருந்தது. புழுக்கமான ஊரில் இதைக் கட்டுகிறவர்களுக்கு ஒருமுறையாவது இப்படி நடக்கும்.

"விபூதியெல்லாம் பூசியிருக்கே" என்றார் அந்த அம்மா, கூப்பிய கையை இறக்காமலே.

"ஜப்பான் முருகன் லா. வேல் கூட இருக்கு பாருங்க" என்றார் மச்சான். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பெண் மட்டும் கண்ணாடிக்கு அருகில் வந்தார். "ஏன் இது மட்டும் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்பிரே காயும்போது காற்றில் உள்ள ஈரம் உள்ளே மாட்டிக்கொள்வதையும், நல்ல வெயிலில் மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்தால் வெள்ளை போய்விடும் என்பதையும் சொன்னேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதில்லை.

அந்தப் பெண் இன்னொரு ரோபோவைக் காட்டி, "இந்தக் கோடெல்லாம்?" என்றார்.

"மெல்லிசுப் பேனாவால போட்டது."

"ரவிக்கைக்குப் பைப்பிங் வச்ச மாதிரி இருக்கு."

அவருடைய அம்மா இதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், உண்மையான சாமியின் முன் வைத்துவிட்டு வந்தார். உட்கார்ந்து காப்பி குடித்தார். போகும்போது அக்காவிடம், "பொம்மைய ஹால்ல வச்சிட்டு சாமிய குசினியில வச்சிருக்கீங்களே" என்று மட்டும் சொன்னார். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை.

அவர்கள் லிப்டில் ஏறியதும் அக்கா சேலையை அவிழ்த்து மடித்தாள். "ஏன்டா தொறந்த? ஏதாவது ஒரு பேரச் சொல்லியிருப்பேன்ல?" என்றாள். இந்தச் சம்பந்தமும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் அலமாரிப் பக்கம் உட்காரவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா போன் செய்தாள். குரலை வைத்து ஒன்றும் தெரியவில்லை.

"அந்தம்மா பேசினாங்க. சாமி மொதல்ல ஹாலுக்கு வரணுமாம்."

"சரி."

"பொம்மைங்க ரூம்ல இருந்துக்கட்டுமாம். பொண்ணுதான் அப்படிச் சொல்லிச்சாம்."

"சரிக்கா."

"இன்னொண்ணும் சொல்லிச்சாம். அந்த வெள்ளைய மட்டும் சரி பண்ணிடணுமாம். இல்லாட்டி வர்றவங்க கும்பிட்டுட்டுப் போயிடுவாங்களாம்." சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் அவர்களுக்குச் சம்மதம் என்று எனக்குப் புரிந்தது.

அன்றே பெட்டிகளை ஒதுக்கி அலமாரியை அறைக்குள் தள்ளினேன். சாமி மேடையைப் பழைய சுவரில் மாட்டினேன். ஆணி அடித்த துளைகள் அப்படியே இருந்தன. பளபளப்பு வார்னிஷும் வாங்கி வந்தேன். ஆனால் அந்த மாதம் முழுக்க மழை. வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் வராந்தாவில் நின்று வானத்தைப் பார்ப்பேன். ஒருநாள் காலை வெயில் நன்றாகக் காய்ந்தது. கடைக்குப் போன் செய்து தாமதமாக வருகிறேன் என்றேன். துணி காயப்போடும் கம்பியில் ரோபோவைக் கட்டித் தொங்கவிட்டு, மெல்லிதாக ஒரு பூச்சு அடித்தேன். நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை கரைந்து, உள்ளேயிருந்த கறுப்பு வெளியே வந்தது.

படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். நானாக அவருக்கு அனுப்பிய முதல் செய்தி அது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்திருந்தது. "இப்ப பரவால்ல. சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று எழுதினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, என்ன சாப்பிட்டேன் என்பதையும் எழுதினேன்.