பன்னிரண்டு வீட்டு மண்

மடு மாதா கோயில் மண்ணைக் கைக்குட்டையில் அள்ளிக்கொண்டிருந்தேன். எங்கள் யாத்திரை பஸ்ஸின் வழிகாட்டி குனிந்து பார்த்தார்.

"எத்தன வீட்டுக்குங்க இவ்வளவு?"

புழுதி வாசம் மூக்கில் ஏறியது. என் சின்ன வயதில், ஹாலிஎல தேயிலைத் தோட்டத்தில், அப்பா மடுவுக்குப் போய் வந்தால் ஒரே வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் இந்த மண் போகும். இது இருந்தால் பாம்பு அண்டாதாம். அப்பா பையை இறக்குமுன்பே பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா வந்து நிற்பாள்.

"மாதா மண்ணு எங்களுக்கும் இருக்குல்லண்ணே?"

முருகன் படத்தடியில் அதை வைத்திருப்பாள். கொழுந்தெடுக்கப் போகும்போது துளி எடுத்துக் காலில் பூசிக்கொள்வாள்.

"பன்னெண்டு வீட்டுக்குங்க" என்றேன்.

இப்போது நான் பதுளை பஜாரில், கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். அங்கே பாம்பு ஏறாது. ஆளும் ஏறுவதில்லை.