சத்தம் போடாத மனுஷன்

அடுப்படி வேலை ஒதுங்கிய பிறகு, மத்தியானத்தில்தான் உமாராணி கதை எழுதுவாள். குத்துக்கல்வலசை வீட்டில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஒற்றை விரலால் போனில் தட்டுவாள். பிள்ளை இல்லை. புருஷன் பாண்டிராஜ் பட்டாளத்திலிருந்து வந்தவன். இப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர்.

அவள் அனுப்பிய கதையைப் படித்துவிட்டு ஷமீம் பானு கூப்பிட்டாள். வடகரையிலிருந்து சின்னதாக ஓர் இணைய இதழ் நடத்துகிறவள்.

"கதை நல்லாருக்குக்கா. ஆனா புருஷங்காரன் பேசுத எடத்துலல்லாம் கர்ஜித்தான், சீறினான், உறுமினான்னு போட்டிருக்கீங்க. அதையெல்லாம் எடுத்துட்டு 'என்றான்'னு மட்டும் வைங்க. அவன் பேச்சே போதும்" என்றாள்.

உமாராணி ஒவ்வொன்றாக அழித்தாள். 'நீ செத்தா உங்க அம்மைகூட ரெண்டு நாளைக்குத்தான் அழுவா' என்று கர்ஜித்தான் என்பது, வெறும் 'என்றான்' ஆனது. படித்துப் பார்த்தாள். அது பாண்டிராஜின் குரல்.

கரு கலைந்து தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது, டிரைவருக்குக்கூடக் கேட்காமல் அவன் சொன்ன வார்த்தை அது. அவன் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அப்போது அவள் இலத்தூருக்குப் போய் அம்மையிடம் அழுதாள்.

"கை நீட்டுனாரா?"

"இல்ல."

"சத்தம் போட்டாரா?"

"இல்லம்மா."

"பின்ன என்னட்டி கொறை உனக்கு?" என்றாள் அம்மை.

சத்தம் இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதான் கதைக்குள் அவனைக் கத்த வைத்திருந்தாள். இனி வேண்டாம். திருத்தியதை அப்படியே அனுப்பிவிட்டாள்.

கதை வந்தது. யாரோ பாண்டிராஜுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் அவன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகப் படித்தான்.

"நல்லா எழுதிருக்கே. அதை எடுக்கச் சொல்லிரு" என்றான்.

"மாட்டேன்" என்றாள் உமாராணி.

அவன் எழுந்து வந்து அவள் கையிலிருந்த போனை வாங்கினான். தண்ணீர் வாளிக்குள் மெதுவாக, தண்ணீர் தெறிக்காமல் இறக்கி வைத்தான்.

உமாராணி போனில் கிடைக்காமல் போகவே ஷமீம் பானு வீட்டுக்கே தேடிக்கொண்டு வந்தாள். பாண்டிராஜ் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தானே டீ போட்டுக் கொடுத்தான்.

"பிள்ளை தங்காமப் போனதுலருந்து இவளுக்கு மனசு சரியில்லம்மா. மாத்திரை சாப்பிடுதா. என்னத்தையாவது எழுதுவா. நீங்க சின்னப்பிள்ளை, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான்.

"பொய்! நான் ஒரு மாத்திரையும் சாப்பிடல!" உமாராணி கத்திவிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

பாண்டிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "பாத்தீங்கள்லா" என்றான்.

ஷமீம் பானு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். "உடம்பப் பாத்துக்கோங்கக்கா" என்றாள்.

அந்த வாரமே இதழிலிருந்து கதையை எடுத்துவிட்டார்கள். கையில் போன் இல்லாததால் உமாராணிக்கு அது தெரியவில்லை. எங்கேயோ யாரோ அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தாள்.