ஹால் டிக்கெட்டை நம்பிப் போனவள்

அல்போன்சாவுக்குப் பரீட்சை என்றால் தனி பக்தி. நாகர்கோவிலில் ஆரம்பித்துப் பரீட்சை எழுதி எழுதியே அமெரிக்காவின் சான் ஹோசே வரை வந்து சேர்ந்தவள், பக்தி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

சர்ச்சில் ஆள் கேட்டார்கள் என்று, சனிக்கிழமை சாயங்காலங்களில் தாய்லாந்து எல்லையிலுள்ள அகதி முகாம் பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள். முகாமில் பள்ளிக்கூடம் உண்டு. அது கொடுக்கும் சான்றிதழை வேலிக்கு வெளியே ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். காலேஜில் சேர, டவுனுக்குப் போய் அமெரிக்கப் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். அனுமதியில்லாமல் வெளியே போனால் தாய்லாந்து போலீஸ் பிடிக்கும். அனுமதியோ லேசில் கிடைக்காது.

ஏ மூ என்ற பெண் கணக்கில் புலி. நர்ஸாக வேண்டும் என்று ஆசை. அனுமதி வரவில்லை, செக்போஸ்ட்டில் நிறுத்தினால் என்ன செய்வது என்று பரீட்சைக்கு முந்தின வகுப்பில் கேட்டாள்.

ஹால் டிக்கெட்டைக் காட்டு, விட்டுவிடுவார்கள் என்று அல்போன்சா அடித்துச் சொன்னாள். யோசிக்கவே இல்லை. அவள் பிளஸ் டூ எழுதிய வருஷம், பந்த் அன்று, ஹால் டிக்கெட்டைப் பார்த்த போலீஸ்காரரே ஜீப்பில் ஏற்றிப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டார். உலகத்துப் போலீஸெல்லாம் நாகர்கோவில் போலீஸ் என்று நினைத்துவிட்டாள் மகராசி.

அடுத்த சனிக்கிழமை ஏ மூ வரவில்லை. முகாம் ஆசிரியை திரையில் வந்தார். கோபப்படவில்லை, நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலாம். மற்ற பிள்ளைகள் எப்போதும்போல் செக்போஸ்ட் கண்ணில் படாமல் சோளக்காட்டுக்குள் புகுந்து போய், எழுதிவிட்டுத் திரும்பிவிட்டார்களாம். ஏ மூ மட்டும் மெயின் ரோட்டில் நேராக நடந்து, செக்போஸ்ட்டில் தானாகவே காகிதத்தை நீட்டியிருக்கிறாள். போலீஸ்காரர்கள் அதைப் படிக்கக்கூட இல்லை. லாரியில் ஏற்றி, எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், சண்டை நடக்கிற பர்மாவுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

யாரைத் திட்டுவது என்று அல்போன்சாவுக்குத் தெரியவில்லை. லேப்டாப்பை மூடாமலே உட்கார்ந்திருந்தாள்.

கணவன் ஷைன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கில்ட்டியா ஃபீல் பண்ணாத அல்போன்சா. நீ ஹெல்ப் பண்ணத்தானே சொன்ன?"

"அப்படி நம்பித்தாங்க அவளும் போனா. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, மத்த பிள்ளைங்களோட சோளக்காட்டு வழியா போய் எழுதிட்டு வந்திருப்பா."