யோகம் ரீச்சரின் காதில் விழுந்த குரல்

யோகம் ரீச்சர் இறந்துவிட்டார் என்பதை எனக்கு அறிவித்தது, அவரை வேலையைவிட்டுத் துரத்திய அதே கல்வி நிலையம்தான். வட்ஸ்அப்பில் அவரது படம் வந்தது. சுற்றிவர ரோசாப்பூக்கள், "ஆங்கில ஆசானுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்ற வரி. அதற்குக் கீழேயே, "புதிய ஆங்கில வகுப்புகள் ஆரம்பம், முந்துங்கள்!" குடித்துக்கொண்டிருந்த தேநீரை ஊற்றிவிட்டேன். அவ்வளவு அருவருப்பு.

ரீச்சரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்தவர், கலியாணம் செய்யாமல் தமையன் குடும்பத்தோடு அங்கேயே வாழ்ந்தவர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தக் கல்வி நிலையத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். நான் பக்கத்து அறையில் கணக்கியல் படிப்பித்தேன். நடுவே இருந்தது ஒரு பலகைத் தட்டி மட்டுமே. என் மாணவர்களுக்கு என் பாடத்தைவிட ரீச்சரின் பாடம்தான் நன்றாகக் கேட்கும்.

அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நிச்சயமான பெண்கள். விசாவுக்கு ஆங்கிலம் வேண்டும். மற்ற இடங்களில் கேள்வியையும் பதிலையும் பாடமாக்க வைப்பார்கள். ரீச்சரோ முதல் நாளே எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, தான் என்ன நிறச் சீலை உடுத்திருக்கிறார் என்று கேட்பார். ஒருவருக்கும் தெரியாது.

"இவ்வளவு நேரமும் என்னைத்தானே பாத்துக்கொண்டிருந்தனீங்கள்? உதுதான் 'ஸீ'. கண் திறந்திருந்தால் போதும், மாடும் செய்யும். 'நோட்டிஸ்' எண்டது கவனிக்கிறது. அதுக்கு மனம் வேணும், பிள்ளையள்."

'ரியலைஸ்' என்ற சொல்லில் மட்டும் மிகவும் கண்டிப்பானவர். "முந்தித் தெரியாமல் இருந்து பிறகு பிடிபட்டால்தான் 'ரியலைஸ்'. தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தவன் உந்தச் சொல்லைத் தொடக்கூடாது" என்பார்.

இன்னொரு பயிற்சியும் வைத்திருந்தார். ஒரு பெண் தன் மாப்பிள்ளையோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில் கதைக்க வேண்டும். ஸ்பீக்கரில் வரும் சத்தங்களைக் கவனித்து, மற்றவர்கள் ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். தர்சினி என்றொரு பெண் இருந்தாள். வாய் திறந்தால் காற்றுத்தான் வரும். "சத்தமாய்ச் சொல்லு பிள்ளை, எனக்குக் கேக்கேல்லை" என்பது தட்டிக்கு அப்பால் நான் தினமும் கேட்ட வசனம். அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை கல்வி நிலைய நிர்வாகியின் மனைவியின் தம்பி. சம்பந்தத்தைப் பொருத்தியதும் நிர்வாகிதான்.

அவள் கதைத்து முடித்ததும் ஒருத்தி பஸ் சத்தம் கேட்டது என்றாள். இன்னொருத்தி, ஒரு சின்னப்பிள்ளை "டாடி, டாடி" என்று கூப்பிட்டது என்றாள். வகுப்பே சிரித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையாக்கும் என்றார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த கிழமையும் தர்சினியையே கதைக்க வைத்தார். அதே பிள்ளை, அதே குரல். இம்முறை மாப்பிள்ளை அதை "உஷ்" என்று அடக்கியதும் கேட்டது.

ரீச்சர் நேரே நிர்வாகியிடம் போனார். வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட நானும் அங்கே நின்றேன்.

"அவனுக்கு அங்கை ஒரு குடும்பம் இருக்குத்தான், எனக்கும் தெரியும். நீங்கள் உதுக்குள்ளை தலை போடாமல் படிப்பிக்கிற வேலையைப் பாருங்கோ, ரீச்சர்."

"நான் படிப்பிக்கிறதே கவனிக்கிறதைத்தான், சேர்."

அன்று பின்னேரமே ஓட்டோ பிடித்துத் தர்சினி வீட்டுக்குப் போனார். கேட்டதையும், நிர்வாகி சொன்னதையும் தாய்க்கும் மகளுக்கும் சொன்னார். கலியாணம் நின்றது. ரீச்சரின் வேலையும் நின்றது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "கிழவிக்குக் காது செவிடு. ரீவிச் சத்தத்தைக் கேட்டிட்டு ஒரு குமரின்ரை கலியாணத்தைக் குழப்பிப்போட்டுது" என்று நிர்வாகி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஊரும் நம்பியது. தர்சினி வீட்டாரும், நிர்வாகி சொன்னதைக் காதால் கேட்ட நானும் வாய் திறக்கவில்லை. வேறெந்தக் கல்வி நிலையமும் ரீச்சரை எடுக்கவில்லை. கடைக்காரர்கூட அவரிடம் கத்திக் கதைக்கத் தொடங்கினார். வெட்கம் கெட்ட ஊர்!

"என்ரை காதுக்கு ஒண்டுமில்லை, மாஸ்ரர்," என்றார் என்னிடம் ஒருநாள். "அவைக்குத்தான் விளங்க விருப்பமில்லை." அன்று அவர் குரல் தளர்ந்திருந்தது. அந்தப் பெயரோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

செத்த வீட்டு ஒழுங்கை முகப்பில் கல்வி நிலையத்தின் பனர், படலையைவிடப் பெரிது. தமையன் சாதுவான மனிதர், மறுக்கத் தெரியாமல் மைக்கை நிர்வாகியிடம் கொடுத்துவிட்டார். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான். நிர்வாகி கைலேஞ்சியால் கண்ணை ஒற்றி ஒற்றிப் பேசினார். கமரா வழியாக வெளிநாட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காகக் கடைசியில் ஆங்கிலமும் வந்தது. ரீச்சரின் அருமையை இன்றுதான் உணர்கிறோமாம். "ஒன்லி டுடே வீ ரியலைஸ்" என்றார்.

"நோ, சேர். யூ நியூ."

பெட்டியருகே பெண்களுக்குள் இருந்து தர்சினி எழுந்து நின்றாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியும். ரீச்சருக்குக் காது நல்லாக் கேட்டது. அந்தப் பிள்ளை டாடி எண்டு கூப்பிட்டதை நானும் கேட்டனான்."

பறை ஓய்ந்திருந்தது. கமராக்காரன் கமராவை அவள் பக்கம் திருப்பினான். நிர்வாகி மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். தெருவில் நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அமைதியாகப் போங்கள், ரீச்சர். தர்சினியைச் சத்தமாய்ச் சொல்லும்படி இம்முறை ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.