கோவாப் பிரட்டலில் கலந்த சிப்பி

நான் கரம்பொனில் வசிக்கும் ஆசிரியை. பாடசாலை விட்டு வந்தால் ஆறுதலாகச் சமைக்க நேரம் கிடைப்பதில்லை. ஒரு நாள் கைபேசியில் பார்த்த சீனச் சமையல் ஒன்றைச் செய்தேன். தாச்சியில் அரைத்த கோழி இறைச்சியை வதக்கி, மெல்லிதாக அரிந்த கோவா இலைகளைக் கொட்டி, புதிதாக வாங்கிய கறுப்புச் சோஸை ஊற்றிப் பிரட்டினேன்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் கணவர் கையை எடுத்துவிட்டார். "இஞ்சாரும், இதுக்குள்ள மட்டி ஏதும் போட்டனீரோ? தொண்டை இறுகுது."

"கோழியும் கோவாவும்தானப்பா!" என்றேன்.

அவருக்குச் சிறுவயதிலிருந்தே மட்டி, சிப்பி எதுவும் ஒத்துக்கொள்ளாது. அதற்குள் உதடும் தடித்துவிட்டது. புதிய பொருள் சோஸ் மட்டும்தான் என்பதால், அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஊசி போட்ட பிறகு டொக்டர் போத்தலைத் திருப்பி வாசித்தார். "அக்கா, இது சிப்பிச் சாறு சேர்த்த சோஸ். பாக்கேல்லையோ?"

"சோயா சோஸ் எண்டு நினைச்சனான்," என்றேன்.

மறுநாள் காலையில் அவரை வீட்டுக்கு விட்டார்கள். இப்போது எதை வாங்கினாலும் போத்தலின் பின்பக்கத்தைக் கடையிலேயே முழுதாக வாசிக்கிறேன். எழுத்து சிறிதென்றால் கடைக்காரரை வாசிக்கச் சொல்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் அவசரப்படுவதில்லை.