ஜெர்மன் ஸ்கூலில் போலீஸ் தங்கிய மார்கழி

நான் இந்தி வாத்தியாராகச் சேர்ந்த பள்ளிக்கூடத்தை ஊரில் எல்லோரும் ஜெர்மன் ஸ்கூல் என்றுதான் சொல்வார்கள். நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். அதைக் கட்டி நடத்திய ஜெர்மன் பாதிரியார்களை யுத்த சமயத்தில் காவலில் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. பிறகு உள்ளூர்க் கமிட்டி ஒன்று பள்ளியை எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆட்சி மாறிய மறு வருஷம், பள்ளிகளில் இந்தி வேண்டாம் என்று முடிவானது. எனக்கு அதில் வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தி ஒழிக என்று கடைத்தெருவில் போன பையன்களில் பாதிப் பேர் என் மாணவர்கள்தான். என்னைக் கண்டதும் கோஷத்தை நிறுத்தி, “வணக்கம் சார்” சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தக்ளியில் நூல் நூற்கிற வகுப்பு, லீவில் போனவர்களுடைய வகுப்பு, எட்டாம் வகுப்பு ஒன்றின் வருகைப் பதிவேடு என்று கிடைத்ததையெல்லாம் என் தலையில் கட்டினார்கள். நாற்பது வயதில் தக்ளி சுற்றக் கற்றுக்கொண்டேன். என் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

தலைமையாசிரியர் இன்னொரு வேலையும் கொடுத்தார். “ஸ்கூலுக்கு ஆண்டு விழா மலர் போடணும். நீங்கதான் சும்மா இருக்கீங்க. சரித்திரத்தை எழுதிக் கொடுங்க” என்று பீரோச் சாவியை நீட்டினார்.

பீரோவில் தடித்த குறிப்பேடுகள் இருந்தன. ஆரம்ப வருஷங்கள் முழுக்க ஜெர்மன். ஓர் எழுத்தும் புரியவில்லை. அப்புறம் இங்கிலீஷ். மழையில் எந்த வகுப்பு ஒழுகியது, எத்தனை பேருக்கு அம்மை வார்த்தது, கிணற்றில் விழுந்த ஆட்டை யார் தூக்கினார்கள் என்று பெரிய பாதிரியார் தினமும் எழுதியிருந்தார். பிள்ளைகளை உயரப்படிதான் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அந்த வழக்கம் என் காலத்திலும் இருந்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் அவர் பண்ணையில் வேலை செய்கிறவர் பிள்ளையும் ஒரே உயரமென்றால் ஒரே பெஞ்சு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஒரே பெஞ்சுக்காகப் பெரிய வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை நிறுத்தியதால் அந்தக் காலத்தில் அரைப் பள்ளிக்கூடம் காலியானதையும், பாதிரியார் அசையாமல் இருந்ததையும் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

இன்னொரு குறிப்பையும் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். “நடவு தொடங்கிவிட்டது. தெற்குத் தெருப் பிள்ளைகள் வயலில். திரும்பி வரும்வரை அவர்கள் பெயரை அடிக்கக் கூடாது.”

அந்த வருஷம் சம்பா அறுப்புக்கு முன்னால் கூலித் தகராறு வந்தது. அறுப்புக்குப் போகிற தெற்குத் தெருக்காரர்கள் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வரப்பில் அடிதடி நடந்தது. மார்கழியில் ரிசர்வ் போலீஸ் வந்தது. தங்க வேறு இடமில்லை என்று எங்கள் பள்ளியைக் கொடுத்துவிட்டார்கள். பெரிய ஹாலில் அவர்கள் படுக்கை. கிணற்றடியில் அவர்கள் குளியல். ஜன்னல் கம்பியில் காக்கி காயும். நாங்கள் பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டு, தூங்குமூஞ்சி மரத்தடியில் பாடம் நடத்தினோம்.

தெற்குத் தெருப் பிள்ளைகள் ஒரேயடியாக நின்றுவிட்டார்கள். என் வகுப்பில் மட்டும் பதினொரு பேர். உயரப்படி உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி. மீதிப் பிள்ளைகள் நகர்ந்து உட்காரவும் இல்லை.

பத்து நாள் பொறுத்துவிட்டு, ஒரு மத்தியானம் தெற்குத் தெருவுக்கு நடந்தேன். ஆண்கள் யாரையும் காணோம். வாய்க்கால் படியில் என் மாணவி ஒருத்தியின் தாயார் துணி அலசிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். பள்ளிக்கூடத்துலேர்ந்தா வர்றீங்க?”

“ஆமாம்மா. பிள்ளைய ஏன் அனுப்பல?”

“போலீசு படுத்துக் கெடக்குற எடத்துக்குப் பொம்பளப் புள்ளைய எப்புடிங்க அனுப்புறது? அதோட அப்பாவ அடிச்சவங்கதான் அங்க கெணத்தடியில நிக்கிறாங்க. அது பாத்துச்சுன்னா என்னங்க பண்ணும்?”

அவர் சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

“பேர மட்டும் அடிச்சிப்புடாதீங்க சார். அறுப்பு முடிஞ்சா இவங்க போயிருவாங்க. அப்ப அனுப்புறேன்.”

“அடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். வரப்பில் திரும்பி வரும்போது, எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

தொடர்ந்து பதினைந்து நாள் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் பாதிரியாரின் குறிப்பை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார்.

“நல்ல மனுஷன். ஆனா அவருக்கு மேல கடவுள் ஒருத்தர்தான் சார். எனக்கு மேல டி.இ.ஓ. இருக்காரு.”

“போலீஸ வேற எடத்துக்கு மாத்தச் சொல்லலாமே சார்?”

“யாருகிட்ட சொல்றது? கமிட்டியில பாதிப் பேரு மிராசுதாரு. மீதிப் பேரு ஆளுங்கட்சி. ரெண்டு பக்கமுமே மாத்த வேண்டாம்னுட்டாங்க. நான் கேட்டுப் பாக்கலன்னு நெனக்கிறீங்களா?”

அவர் கேட்டுப் பார்த்திருப்பார் என்று நான் நினைக்கவில்லைதான். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பதினான்காம் நாள் காலை பதினொரு பேருக்கும் வருகை போட்டேன். வீரம் ஒன்றும் இல்லை. தூக்கமின்மையும் மரத்தடித் தூசியுமாக அலுத்துப் போயிருந்தேன். ஒருநாள் போட்டால் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் மறுநாளும் போட்டேன். அதற்கடுத்த நாளும். போடாமல் நிறுத்துவதற்குத் தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது, அதை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். மரத்தடியில் நின்று தலைகளை எண்ணினார். பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

“பதினொரு பேர் குறையுதே. எங்க சார்?”

“வீட்ல இருக்காங்க சார்” என்றேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

மெமோ வந்தது. விளக்கத்தைத் தலைமையாசிரியரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். கண் பார்வை மங்கியதால் வரிசை தவறிவிட்டதாம். “கையெழுத்துப் போடுங்க. அப்படியே கண் டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க.” தஞ்சாவூர் போனேன். டாக்டர் லென்ஸ் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு நிஜமாகவே பார்வைக் கோளாறு இருப்பதாகச் சொன்னார். இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். அன்றிலிருந்துதான் கண்ணாடி போடுகிறேன். ஒரு வருஷ இன்கிரிமெண்டை நிறுத்தினார்கள். அந்த உத்தரவின் கடைசி வரியில், பதினொரு பெயர்களும் அவ்வாண்டு முடியும்வரை இருக்கலாம் என்று இருந்தது. அதற்கு யார் என்ன எழுதி அனுப்பினார்கள் என்று தலைமையாசிரியர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை கடைசியில் போலீஸ் கிளம்பியது. ஹாலைக் கழுவிவிட இரண்டு நாள் ஆயிற்று. கூலி கொஞ்சம் கூடியது என்றார்கள். கேட்ட அளவு இல்லை என்றும் சொன்னார்கள். வாய்க்கால் படியில் பார்த்த தாயார் மகளை அழைத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார்.

“பேரு இருக்குங்களா சார்?”

“இருக்கும்மா.”

அந்தப் பெண் தலை நிமிராமல் உள்ளே போனாள். அவளோடு மூன்று பேர் வந்தார்கள். மற்ற ஏழு பேரும் வரவில்லை. ஒருவன் திருத்துறைப்பூண்டி ஓட்டலில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் மாடு மேய்த்தார்கள். மற்றவர்களைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. இன்னொரு முறை அந்தத் தெருவுக்கு நடக்க எனக்குத் தெம்பு வரவில்லை.

மலர் அந்த வருஷம் வரவில்லை. நிலைமை சரியாகட்டும் என்றார்கள். நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். அதே பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஜூனில் புதுப் பதிவேடு வந்தது. பழையதைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராக எழுதினேன். பரீட்சை எழுதாத அந்த ஏழு பெயர்கள் வந்தபோது பேனா நிற்காமல் அடுத்த வரிக்குப் போனது. அடிக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. எழுதாமல் விட்டதை யாரும் கவனிக்கவும் இல்லை. மை காய்ந்ததும் பதிவேட்டை மூடி மேஜை டிராயரில் வைத்துவிட்டு, நூற்பு வகுப்புக்கு மணி அடித்ததால் எழுந்து போனேன்.