என் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை

என் மகள் ஜெர்மனியில், உடன் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையனைப் பதிவுத் திருமணம் செய்யப்போகிறாள். அதற்கு, இவளுக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை என்று இங்கிருந்து சான்று போக வேண்டுமாம். பெற்ற நான் எழுதிக் கொடுத்தால் செல்லாதாம். தாமதமானால் அங்கே குறித்த தேதி போய்விடும்.

விசாரிப்பதற்காக இன்று வி.ஏ.ஓ. அம்மா எங்கள் ஊர் பாச்சலூருக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே என் மச்சினன் கட்டிய பேனர். மகளும் பையனும் மாலையோடு சிரிக்கிறார்கள். மேலே "மணமக்கள் வாழ்க".

"ஊரே வாழ்த்தியாச்சு. ஆகலைன்னு நான் எப்படிங்கய்யா எழுதுறது?"

"என் மச்சினன் அவசரப்பட்டுக் கட்டிட்டானுங்க. மாலையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டதுங்க."

"அப்ப வெரசா கழட்டச் சொல்லுங்க."

மச்சினன் குறுக்கே வந்தான். "கல்யாணத்துக்கு முந்தி கழட்டுனா அபசகுனம் மச்சான். கழட்டுனீங்க, எங்க அக்கா வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

ஒரு சான்றுக்காகப் பேனரைக் கழற்றுகிற ஆள் நானும் இல்லை. வெள்ளைத்தாளும் பசையும் வாங்கினேன். "இன்னும் திருமணம் ஆகவில்லை. இப்படிக்கு, பெண்ணின் தந்தை" என்று கொட்டை எழுத்தில் எழுதி, வாழ்த்துக்குக் கீழே ஒட்டினேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர்களிடம் விசாரித்துவிட்டுச் சான்றுக்கான பரிந்துரையில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலத்துக்குள் மூன்று பேர் போன் செய்து மகளின் ஜாதகம் கேட்டுவிட்டார்கள். நான்காவது ஆள் அந்த ஜெர்மன்காரப் பையனின் ஜாதகம் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்லட்டும்?